முகச் சிவப்பைத் தணிக்கும் பச்சை கரெக்டர்: எங்கே, எவ்வளவு, எந்த வரிசையில்?

பச்சை கரெக்டர் (ஃபவுண்டேஷனுக்குக் கீழே, சிவந்த இடத்தில் போடும் பச்சை நிற மேக்கப்) வாங்கிய பலர் இரண்டு மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு அதை ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். "முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடுச்சு", "ஃபவுண்டேஷன் போட்ட பிறகும் பச்சை தெரியுது", "மதியத்துக்குள்ள சிவப்பு திரும்பி வந்துடுச்சு" என்பவைதான் வழக்கமான புகார்கள். வாங்கிய பொருள் மோசமாக இருந்து இப்படி ஆவது குறைவு. பச்சை தேவைப்படாத இடத்தில் அதைப் போட்டிருப்பார்கள். அல்லது தேவைப்பட்ட இடத்தில் தேவைக்கு மேல் போட்டிருப்பார்கள். அல்லது சரியாகப் போட்டுவிட்டு, அடுத்து வரும் ஃபவுண்டேஷனைத் தேய்த்து அதை வழித்து எடுத்திருப்பார்கள். இடம், அளவு, வரிசை ஆகிய மூன்றும் பிடிபட்டுவிட்டால் மிகச் சாதாரணமான கரெக்டரே நன்றாக வேலை செய்யும்.

பச்சை என்ன செய்கிறது

ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் 540 முதல் 580 நானோமீட்டர் வரையிலான பச்சை, மஞ்சள் ஒளியை நிறைய உறிஞ்சிக்கொள்கிறது; சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. தோலுக்கு அடியில் நுண் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும் இடம் சிவந்து தெரிவது இதனால்தான். பச்சை நிறமி இதற்கு நேர்மாறாகச் சிவப்பு ஒளியை உறிஞ்சும். எனவே மெல்லிய பச்சைப் படலம் ஒன்று மேலே இருந்தால், அந்த இடத்திலிருந்து நம் கண்ணுக்கு வரும் சிவப்பு குறைகிறது.

ஆனால் சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் தோல் நிறம் வராது. வருவது சற்று மங்கலான, மண் சாயல் கொண்ட நடுநிலை நிறம். அதைத் தோல் நிறமாக்குவது மேலே வரும் ஃபவுண்டேஷனின் வேலை. ஆகவே பச்சை மட்டும் போட்டு நிறுத்திவிட முடியாது. அதேபோல் சிவப்பு துளியும் தெரியாத அளவுக்குப் பச்சையைக் கூட்டவும் கூடாது. சிவப்பு பாதிக்கு மேல் தணிந்து, லேசான இளஞ்சிவப்பு மிச்சம் இருக்கும்போதே கையை எடுத்துவிட வேண்டும். மிச்சத்தை ஃபவுண்டேஷன் பார்த்துக்கொள்ளும். பச்சை பச்சையாகவே கண்ணுக்குத் தெரியத் தொடங்கினால், அளவு ஏற்கெனவே மிஞ்சிவிட்டது.

பொருளின் லேபிளில் 77288 அல்லது 77289 என்ற எண்கள் இருந்தால் அவை குரோமியம் ஆக்சைடு வகைப் பச்சை நிறமிகள். 77891 என்பது டைட்டானியம் டை ஆக்சைடு, அதாவது வெள்ளை. பச்சையை வெளிறிய மின்ட் நிறமாக்குவது இந்த வெள்ளைதான். மாநிறத்திலும் கருநிறத்திலும் முகம் சாம்பல் பூப்பதற்குப் பச்சையைவிட இந்த வெள்ளையே பெரிய காரணம். ஷேட் தேர்வு செய்யும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு டம்ளர் சோதனை

நாம் சிவப்பு என்று சொல்லும் எல்லாமே சிவப்பு இல்லை. பரு ஆறிய பின் தங்கும் தடங்களில் இரண்டு வகை உண்டு. அழற்சியின்போது விரிந்த ரத்தக்குழாய்கள் இன்னும் சுருங்காமல் இருப்பதால் தெரியும் இளஞ்சிவப்பு அல்லது ஊதா கலந்த சிவப்புத் தடம் ஒரு வகை. அந்த இடத்தில் மெலனின் கூடுதலாகப் படிந்து வரும் பழுப்புத் தடம் இன்னொரு வகை. முதல் வகைக்குப் பச்சை உதவும். இரண்டாவது வகை மேல் பச்சை போட்டால் அந்த இடம் அழுக்கு படிந்த மாதிரி இன்னும் மங்கும். அதற்குத் தேவை பீச் அல்லது ஆரஞ்சு கரெக்டர். கருவளையத்துக்கும் அப்படித்தான், கண்ணுக்குக் கீழே பச்சை போட்டால் நோயிலிருந்து எழுந்து வந்த தோற்றம்தான் கிடைக்கும்.

எது எந்த வகை என்று அறிய, சுத்தமான கண்ணாடி டம்ளரின் பக்கவாட்டைத் தடத்தின் மேல் மெதுவாக அழுத்தி, கண்ணாடி வழியாகவே பாருங்கள். அழுத்தும்போது நிறம் வெளுத்து, எடுத்ததும் திரும்பி வந்தால் அது ரத்தக்குழாய்ச் சிவப்பு. அழுத்தினாலும் பழுப்பு அப்படியே நின்றால் நிறமி. பாதி வெளுத்துப் பாதி நிற்கும் கலப்புத் தடங்களும் உண்டு. அவற்றுக்குப் பச்சையையும் ஆரஞ்சையும் ஒன்றன்மேல் ஒன்று போடுவதைவிட, தோல் நிறத்துக்கு அச்சாகப் பொருந்தும் அடர்த்தியான கன்சீலர் (தடங்களை மறைக்கும் தோல் நிற கிரீம்) ஒன்றே போதும். அழுத்தியும் வெளுக்காத சிவப்பு அல்லது ஊதாப் புள்ளிகள் திடீரென்று தோன்றியிருந்தால், தோலுக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அதை மேக்கப்பால் மூடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சிவப்பு நிலையானதா, வந்து போவதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் குளித்தபின், உடற்பயிற்சி முடித்தபின், சவரம் செய்தபின், அழுதபின் முகம் சிவந்திருக்கும். அந்த நேரத்தில் தெரியும் சிவப்புக்கு ஏற்றபடி பச்சை போட்டால், அரை மணி நேரத்தில் சிவப்பு வடிந்துவிடும், பச்சை மட்டும் முகத்தில் நிற்கும். "போட்டப்போ நல்லாத்தான் இருந்துச்சு, வெளியே போனதும் பச்சையா தெரிஞ்சுது" என்பதற்குப் பின்னால் பல நேரங்களில் இதுதான் இருக்கும். முகம் குளிர்ந்து வழக்கமான நிறத்துக்கு வர 20 நிமிடமாவது கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். வேக்ஸிங், திரெடிங் செய்த இடத்துக்கு முடிந்தால் ஒரு நாள் முழுக்க ஓய்வு கொடுப்பது நல்லது.

உங்கள் நிறத்துக்கு எந்தப் பச்சை?

வெளுத்த நிறத்துக்கு மின்ட் போன்ற இளம்பச்சை. மாநிறத்துக்கு மஞ்சள் கலந்த பச்சை. இளம் ஆலிவ் என்றும் சில நிறுவனங்கள் இதைக் குறிப்பிடும். கருநிறத்துக்கு ஆழ்ந்த ஆலிவ். பொதுவாக, கரெக்டர் தோலின் வெளிச்சத்தைவிட ஒரு படிக்கு மேல் வெளுப்பாக இருக்கக் கூடாது. கடையில் கையின் மேற்புறத்தில் தேய்த்துப் பார்ப்பதால் பயன் இல்லை, அங்கே சிவப்பே கிடையாது. தாடை ஓரத்திலோ மூக்கின் பக்கத்திலோ, உண்மையில் சிவப்பு இருக்கும் இடத்தில் தொட்டுப் பாருங்கள்.

மாநிறமும் அதற்கு மேலும் இருப்பவர்கள் பச்சை வாங்கும் முன் இன்னொன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. மஞ்சள் அல்லது ஆலிவ் அண்டர்டோன் (அடிச்சாயல்) கொண்ட ஃபவுண்டேஷனை மட்டும் இரண்டு மெல்லிய அடுக்காகப் போட்டுப் பாருங்கள். இந்த நிறங்களில் சிவப்பு பெரும்பாலும் செம்பழுப்பாகவோ ஊதா கலந்தோதான் தெரியும். மஞ்சள் சாயலே அதைச் சமன்செய்துவிடுவது உண்டு. அப்படி ஆனால் பச்சைக்கு வேலையே இல்லை. ஓர் அடுக்கு குறைந்தால் கெட்டுப்போகும் வாய்ப்பும் ஓர் அடுக்கு குறைகிறது.

டப்பாவா, டியூபா, ஸ்டிக்கா?

சிவப்பு எவ்வளவு இடத்தில் பரவியிருக்கிறது என்பதை வைத்து இதை முடிவு செய்யுங்கள். கன்னம் இரண்டும், மூக்கும், நெற்றியும் சேர்ந்து சிவந்திருந்தால் பச்சைச் சாயல் கொண்ட பிரைமரோ (மேக்கப்புக்கு முன் தோலில் போடும் அடிப்பூச்சு) மெல்லிய லோஷனோதான் சரி. நிறமி குறைவாக இருப்பதால் பரப்பிப் போடலாம், தவறு செய்தாலும் பெரிதாகத் தெரியாது. ஒற்றைப் பரு, மூக்கோரம், சின்னச் சின்ன ரத்தக்குழாய்க் கோடுகள் என்றால் அடர்த்தியான கிரீம் அல்லது திரவ கரெக்டர். ஸ்டிக்கை நேராக முகத்தில் இழுக்காதீர்கள். அளவு கைமீறிப் போகும், பருவில் பட்ட முனையே அடுத்த இடத்துக்கும் போகும். விரலில் அல்லது பிரஷில் எடுத்துத் தொடுங்கள். பச்சைப் பவுடர் எண்ணெய்ச் சருமத்துக்கு உதவும். தோல் உரியும் சருமத்தில் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் தெரியும்.

பிதுக்கும்போது பச்சையாக இருந்து, தேய்க்கத் தேய்க்கத் தோல் நிறத்துக்கு மாறும் கிரீம்களும் உண்டு. தேய்ப்பில் உடையும் நுண்ணுறைகளுக்குள் தோல் நிற நிறமியை அடைத்து வைத்திருப்பார்கள். ஒரே பூச்சில் வேலை முடிந்துவிடும் என்பது வசதி. கிடைக்கும் ஷேட்கள் மிகக் குறைவு என்பதும், தேய்த்தே ஆகவேண்டும் என்பதும் குறைகள். தொட்டாலே சிவக்கும் தோலுக்கு இவற்றை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

சிவக்கும் தோல் பெரும்பாலும் எரிச்சலுக்கு எளிதில் ஆளாகும் தோலாகவும் இருக்கும். மென்தால், கற்பூரம், யூகலிப்டஸ், வாசனைத் திரவியம், முதல் வரிசைகளில் ஆல்கஹால் ஆகியவை லேபிளில் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். முகத்தில் போடும் முன் முழங்கையின் உட்புறத்தில் கொஞ்சம், நாளுக்கு இருமுறை, 7 முதல் 10 நாள் வரை போட்டுப் பாருங்கள். ஒவ்வாமை முதல் நாளே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, பல நாள் கழித்தும் வரும்.

போடும் முறை

தொடங்கும் முன் ஜன்னலுக்கு எதிரே, பகல் வெளிச்சத்தில் கண்ணாடியை வையுங்கள். மஞ்சள் பல்பின் கீழ் பச்சை மிஞ்சியது தெரியவே தெரியாது.

1. முகம் கழுவுதல். வெதுவெதுப்பான நீர், நுரை குறைந்த மென்மையான கிளென்சர். துண்டால் ஒற்றி எடுங்கள். ஸ்கிரப் வேண்டாம்; தேய்ப்பே புதிய சிவப்பைக் கொண்டுவரும்.

2. மாய்ஸ்சரைசர். முகம் முழுதுக்கும் ஒரு பட்டாணி அளவு, தோல் உரியும் இடங்களில் கொஞ்சம் கூடுதலாக. 5 நிமிடம் விடுங்கள். பிறகும் பிசுபிசுப்பு இருந்தால் டிஷ்யூ பேப்பரை முகத்தில் விரித்து, தேய்க்காமல் அழுத்தி எடுங்கள்.

3. சன்ஸ்கிரீன். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். 10 முதல் 15 நிமிடம் படியவிடுங்கள். கரெக்டரிலேயே எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு அளவு) இருக்கிறதே என்று இதை விட்டுவிடக் கூடாது. எஸ்பிஎஃப் எண்ணைச் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். கரெக்டரை நாம் போடுவது அதில் சிறு பங்குகூட இருக்காது, அதுவும் சில இடங்களில் மட்டும்.

4. பிரைமர், தேவைப்பட்டால் மட்டும். துளைகள் பெரிதாக இருந்தாலோ எண்ணெய் அதிகம் வழிந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் மெல்லிதாக. பச்சைப் பிரைமர் போடுகிறீர்கள் என்றால் இதுவே உங்கள் கரெக்டர். அதன் மேல் பச்சைக் கிரீமும் சேர்ந்தால் அளவு மிஞ்சிவிடும். மிகச் சிவந்த ஒற்றைப் புள்ளிகளுக்கு மட்டும் விதிவிலக்கு தரலாம்.

5. பச்சை கரெக்டர். இரண்டு கன்னத்துக்கும் சேர்த்து அடர்த்தியான கிரீமில் ஓர் அரிசி மணி அளவு போதும். மூக்கின் இரு ஓரத்துக்கும் சேர்த்துக் கடுகளவு. ஒரு பருவுக்கு ஊசிக் கொண்டை அளவு. இந்த அளவுகள் கஞ்சத்தனமாகத் தோன்றும். குறைந்தால் பின்னர் கூட்டிக்கொள்ளலாம்; கூடிவிட்டால் துடைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பொருளை முகத்தில் நேரடியாக வைக்காமல், புறங்கையில் எடுத்து விரல் சூட்டில் 10 நொடி குழைத்துக்கொள்ளுங்கள். கட்டியான கிரீம் இளகி, மெல்லிய படலமாகப் பரவும். சிவப்பின் மையத்தில், அதாவது மிக அடர்ந்த இடத்தில், மோதிர விரலால் தட்டத் தொடங்குங்கள். அங்கிருந்து வெளிப்புறம் நோக்கி, விரலில் மிச்சம் இருப்பதை மட்டும் கொண்டு தட்டிக்கொண்டே போங்கள். சிவப்பு முடிவதற்கு 2 மில்லிமீட்டர் முன்பே பச்சை முடிந்துவிட வேண்டும். ஓரங்களில் சிவப்பு இயல்பாகவே லேசாகத்தான் இருக்கும். அங்கே பச்சை போனால் சிவப்பு இல்லாத தோல் பச்சையாகும். விரலை இழுத்துத் தேய்க்காதீர்கள். தேய்த்தால் மையத்தில் இருக்க வேண்டிய நிறமி ஓரத்துக்கு நகர்ந்துவிடும்.

ஓர் அடுக்கு முடிந்ததும் கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். மூக்கை ஒட்டிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு பார்த்தால் சிவப்பு இன்னும் இருப்பதாகவே தோன்றி, கை தானாக இன்னொரு அடுக்குக்குப் போகும்.

6. காத்திருப்பு. ஒன்று அல்லது இரண்டு நிமிடம். விரல் நுனியால் லேசாகத் தொட்டால் பச்சை ஒட்டக் கூடாது. எண்ணெய்ச் சருமமாக இருந்தால், மிக மெல்லிய செட்டிங் பவுடரை (மேக்கப் நகராமல் பிடித்துவைக்கும் பவுடர்) இந்தக் கட்டத்திலேயே பச்சை மேல் மட்டும் பிரஷால் தொட்டுவைக்கலாம். அப்படிச் செய்தால் மேலே வரும் ஃபவுண்டேஷனும் மெல்லிதாகவே இருக்கட்டும், இல்லையென்றால் திட்டுத் திட்டாக நிற்கும்.

7. ஃபவுண்டேஷன். நல்ல கரெக்ஷன் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதலில் பச்சை இல்லாத இடங்களான நெற்றி, தாடை, முகத்தின் ஓரங்கள் ஆகியவற்றை முடியுங்கள். ஸ்பாஞ்சில் மிச்சம் இருப்பதோடு பச்சை இருக்கும் இடத்துக்கு வாருங்கள். ஸ்பாஞ்சை நனைத்தபின் துண்டில் வைத்து ஈரம் போக நன்றாகப் பிழிந்திருக்க வேண்டும். சொட்டும் ஸ்பாஞ்ச் கரெக்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடும். நேராக அழுத்துங்கள், நேராக எடுங்கள். பக்கவாட்டில் ஒரு இழுப்புகூட வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு, பச்சை இருந்த இடத்தில் மட்டும் இரண்டாவது மெல்லிய அடுக்கு.

ஷேட்டைக் கன்னத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். சிவந்த கன்னத்துக்குப் பொருந்தும் ஷேட், இளஞ்சிவப்பு அண்டர்டோனில் வந்து சேரும். பச்சை தணித்த சிவப்பை ஃபவுண்டேஷனே திருப்பிக் கொண்டுவரும். தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில் பொருந்துவதே உங்கள் ஷேட்.

8. கன்சீலர். இன்னும் எட்டிப் பார்க்கும் இடங்களுக்கு மட்டும். தோல் நிறத்துக்குச் சமமான ஷேட்.

9. பவுடரும் பிளஷும். பஃபில் பவுடரை எடுத்து, பாதியாக மடித்துத் தேய்த்து உள்ளே இறக்கி, பிறகு முகத்தில் அழுத்துங்கள். பிரஷால் சுழற்றினால் கீழே இருக்கும் அடுக்குகள் கலையும். சிவப்பை எல்லாம் தணித்தபின் முகம் தட்டையாகத் தெரிவது இயல்பு. கொஞ்சம் பீச் நிற பிளஷ் உயிர் கொடுக்கும். அதைச் சிவப்பு வழக்கமாக வரும் இடத்துக்குச் சற்று மேலே, கன்ன எலும்பின் மேல் வையுங்கள்.

ஒரு பருவை எப்படிக் கையாளுவது

பருவின் மேடு, அதன் சரிவு, சுற்றியுள்ள சிவந்த வளையம் என மூன்று பகுதிகளாகப் பாருங்கள். சிவப்பு மேட்டில் அடர்ந்து, வளையத்தில் தேய்ந்து போகும். கூர்முனைப் பிரஷின் நுனியில் பச்சையை எடுத்து மேட்டில் ஒரே புள்ளி வையுங்கள். சுத்தமான விரலால் அந்தப் புள்ளியின் ஓரத்தை மட்டும் சரிவு வரை தட்டிக் கரையுங்கள். மேட்டின் உச்சியைத் தொடாதீர்கள். வளையத்துக்குப் பச்சை வேண்டாம், அதற்குக் கன்சீலரே போதும். ஒரு நிமிடம் கழித்து, தோல் நிறக் கன்சீலரைப் பச்சையைத் தாண்டி இன்னும் 2, 3 மில்லிமீட்டர் வரும்படி வைத்து, இந்த முறை வெளி ஓரத்தை மட்டும் கரையுங்கள். சின்னப் பிரஷால் பவுடரை அழுத்தி முடியுங்கள்.

வெளுத்த கன்சீலர் மேட்டைத் தூக்கிக் காட்டும். மினுமினுப்பு உள்ள எதுவும் அப்படியே. சீழ் கோத்து வெள்ளை முனை தெரியும் பரு என்றால் முனையில் பச்சை போடாமல், சுற்றியுள்ள சிவப்புக்கு மட்டும் போடுங்கள். நிறத்தைத்தான் மேக்கப் மாற்றும், உயரத்தை அல்ல. பக்கவாட்டு வெளிச்சத்தில் மேட்டின் நிழல் தெரியத்தான் செய்யும். அதை மறைக்க அடுக்கைக் கூட்டினால் மேடு இன்னும் பெரிதாகும். உடைந்து நீர் வடியும் பரு மேல் எதுவும் போடக் கூடாது. ஒட்டாது என்பதோடு, புண் ஆறுவதும் தள்ளிப்போகும்.

மற்ற இடங்கள்

மூக்கோரத்தில் எண்ணெய் சுரப்பு அதிகம், சிரிக்கும்போது மடிப்பும் விழும். அங்கே எவ்வளவு போட்டாலும் மதியத்துக்குள் மடிப்பில் போய்ச் சேரும். ஆகவே மெல்லிதாகப் போட்டு, உடனே பவுடர் வையுங்கள். மூக்கை வாயோடு சேர்த்து ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு போட்டால் மடிப்பின் அடிவரை சீராகப் படியும். அங்கேயே செதில் செதிலாக உரிந்துகொண்டும் இருந்தால் அது செபோரிக் டெர்மடைட்டிஸாக (எண்ணெய் சுரக்கும் இடங்களில் வரும் தோல் அழற்சி) இருக்கலாம்; மருந்தில் குறையும் விஷயம் அது.

கன்னத்தில் நூல் போல ஓடும் ரத்தக்குழாய்க் கோடுகளுக்குக் கன்னம் முழுக்கப் பச்சை போட வேண்டியதில்லை. மெல்லிய லைனர் பிரஷால் கோட்டின் மேலேயே வரைந்து, விரலால் ஒரே ஒரு முறை அழுத்திவிடுங்கள்.

ரோசேசியா (முகத்தை அடிக்கடி சிவக்க வைக்கும் நாள்பட்ட தோல் நோய்) உள்ளவர்களுக்குச் சிவப்பு நாள் முழுக்க ஒரே அளவில் இருக்காது. சூடு, வெயில், காரம், பதற்றம் ஏதாவது ஒன்றில் மேலே ஏறும். உச்சத்தில் இருக்கும் சிவப்புக்கு அளவு வைத்தால் மற்ற நேரமெல்லாம் பச்சையாகத் தெரிவீர்கள். சாதாரண நேரத்துச் சிவப்புக்கு மட்டும் போட்டுவிட்டு, உச்சத்தை விட்டுவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். மருந்து ஜெல் போடுபவர்கள் அது நன்றாகக் காய்ந்தபின் மாய்ஸ்சரைசருக்குப் போக வேண்டும்.

பிறவியிலேயே உள்ள செந்நிற மச்சத்தைப் போல அடர்ந்த, பரந்த சிவப்புக்குச் சாதாரண ஃபவுண்டேஷன் தாங்காது. தோல் நோய்த் தழும்புகளை மறைப்பதற்கென்றே தயாராகும் காமோஃபிளாஜ் கிரீம்களில் நிறமி பல மடங்கு அதிகம். பச்சை மெல்லிதாக, அதன் மேல் இந்தக் கிரீம் இரண்டு மெல்லிய அடுக்கு, ஒவ்வொன்றின் மேலும் தாராளமாகச் செட்டிங் பவுடர் தூவி 5 முதல் 10 நிமிடம் விட்டு மிஞ்சியதைத் தட்டிவிடுவது என்று போனால் நீரும் வியர்வையும் பட்டாலும் நிற்கும்.

கெட்டுப்போனால்

முகம் சாம்பலாகவோ பச்சையாகவோ தெரிந்தால் மேலே ஃபவுண்டேஷனை ஏற்றாதீர்கள், அது மாவு பூசிய முகமாகத்தான் முடியும். சுத்தமான, எதுவும் இல்லாத ஈர ஸ்பாஞ்சால் அந்த இடத்தை நாலைந்து முறை ஒற்றி எடுத்தால் மிஞ்சிய பச்சை வந்துவிடும். அப்புறமும் சாம்பல் போகவில்லையென்றால், கடுகளவு பீச் கன்சீலரை மேலே தட்டினால் கதகதப்பான நிறச் சாயல் திரும்பும். அடிக்கடி இதே நடந்தால் அளவு சரியாகத்தான் இருக்கிறது, ஷேட்தான் உங்களுக்கு வெளுப்பு.

தேய்க்கும்போது அழுக்கு உருண்டை போலத் திரண்டு வந்தால் கீழே இருக்கும் அடுக்கு காயவில்லை, அல்லது கீழும் மேலும் ஒத்துப்போகவில்லை. நீர் அடிப்படையிலான சன்ஸ்கிரீன் மேல் கனமான சிலிக்கான் கிரீம் போட்டால் சில சேர்க்கைகள் திரளும். புறங்கையில் அதே வரிசையில் போட்டு, அதே நேரம் காத்திருந்து, தேய்த்துப் பார்த்தால் முகத்துக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும். திரண்டது திரண்டதுதான், அந்த இடத்தைத் துடைத்துவிட்டு மறுபடி போடுவதைத் தவிர வழியில்லை.

ஃபிளாஷ் புகைப்படத்தில் மட்டும் முகம் வெளுத்துத் தெரிந்தால் பச்சையைச் சந்தேகிக்கும் முன் பவுடரைப் பாருங்கள். சிலிக்கா அதிகம் உள்ள வெள்ளைப் பவுடரும், டைட்டானியம் டை ஆக்சைடு சன்ஸ்கிரீனும் ஃபிளாஷ் ஒளியை நேராகத் திருப்பி அனுப்பும்.

நாளின் நடுவே சிவப்பு எட்டிப் பார்த்தால் பச்சையைக் கையில் எடுக்கவே வேண்டாம். ஃபவுண்டேஷனுக்கு மேலே போட்ட பச்சை, பச்சையாகத்தான் தெரியும். எண்ணெயை டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, மஞ்சள் அண்டர்டோன் கன்சீலரைத் தொட்டுவைத்து, பவுடர் அழுத்துங்கள்.

மூடக் கூடாத சிவப்பு

சிவப்பு சூடாகவும் வலியோடும் நேரத்துக்கு நேரம் பரவிக்கொண்டே போனால், காய்ச்சலும் சேர்ந்தால், அது தோல் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். இரு கன்னங்களும் மூக்குத்தண்டும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவந்து, மூக்கோர மடிப்பு மட்டும் சிவக்காமல், கூடவே மூட்டு வலியோ மிகுந்த சோர்வோ இருந்தால் லூபஸ் என்ற நோய் எதிர்ப்பு மண்டலக் கோளாறுக்கான பரிசோதனை தேவைப்படலாம். வெயிலில் வெந்து கொப்புளம் எழும்பிய தோலுக்கு மேக்கப் வேண்டாம். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கலந்த கிரீமை முகத்தில் போட்டுவந்து, நிறுத்தியதும் முகம் எரிந்து சிவக்கிறது என்றால், அந்தக் கிரீமை மறுபடி எடுக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். நிலையான ரத்தக்குழாய்க் கோடுகளுக்கு லேசர் சிகிச்சை இருக்கிறது, ரோசேசியாவுக்கு மெட்ரோனிடசோல், ஐவர்மெக்டின், அசெலாயிக் அமிலம் என்று மருந்துகள் இருக்கின்றன. தினமும் பச்சை போட்டே தீர வேண்டிய நிலையில் இருப்பவர்கள் ஒருமுறையாவது இதைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கலைப்பதும் பராமரிப்பதும்

இரவில் கிளென்சிங் பாம் அல்லது எண்ணெயைக் காய்ந்த முகத்தில் வைத்து, 30 நொடி விரல் பட்டும் படாமலும் சுழற்றி, நீர் சேர்த்துப் பால் போலானதும் கழுவுங்கள். பிறகு மென்மையான கிளென்சர். மேக்கப் வைப்ஸால் இழுத்துத் துடைத்தால் அடுத்த நாள் காலை கூடுதல் சிவப்போடுதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.

பிரஷையும் ஸ்பாஞ்சையும் வாரம் ஒருமுறை கழுவுங்கள். பரு இருக்கும் நாட்களில் ஒவ்வொரு முறையும். டப்பாவிலிருந்து விரலால் எடுக்காமல் சின்ன ஸ்பேட்டுலாவால் எடுத்துப் புறங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். பருவைத் தொட்ட பிரஷ் திரும்பவும் டப்பாவுக்குள் போகக் கூடாது. மூடி திறந்த டப்பா படத்துக்குள் 6 அல்லது 12 என்று அச்சிட்டிருப்பது, திறந்த நாளிலிருந்து எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதைக் குறிக்கும். கரெக்டர் ஒவ்வொரு முறையும் கடுகளவுதான் செலவாகும் என்பதால் தீர்வதற்குள் காலாவதியாகிவிடும். சின்ன அளவாகப் பார்த்து வாங்கி, திறந்த தேதியை டப்பாவின் அடியில் எழுதி ஒட்டிவையுங்கள்.